படிவத்தில் இரகசியம் ஒன்றும் இல்லையே, பூட்டு எதற்கு?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்காக அவரும் நண்பர்களும் ஒரு சின்ன இணையத்தளம் நடத்துகிறார்கள். சாதாரண தரப் பாடக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், வருடத்துக்கு ஒருமுறை புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவம், அவ்வளவுதான். பணம் வாங்குவதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. ஆனாலும் குரோமில் திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று விழுகிறது. தளத்துக்கு இணையத்தில் இடம் (ஹோஸ்டிங்) கொடுத்தவரிடம் கேட்டால், அதைப் போக்க எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட வேண்டும், வருடத்துக்கு 18,000 ரூபா என்கிறார். "ஒளிக்க எதுவும் இல்லாத தளத்துக்கு எச்டிடிபிஎஸ் உண்மையிலேயே வேண்டுமா அண்ணே, இல்லை இது காசு பிடுங்கும் வேலையா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, எச்டிடிபிஎஸ், அதாவது தளத்துக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை, வேண்டும். 18,000 ரூபா கொடுக்கத் தேவையில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நம் பக்கத்தில் கடிதம் எப்படி வந்து சேரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயருக்குக் கடிதம் வரும், தோட்ட அலுவலகத்தில் கிடக்கும், அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, பிரட்டுக்களத்திலோ கொழுந்து மடுவத்திலோ பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதை இல்லாத தோட்டம் உண்டா? அந்தக் கைகளில் பெரும்பாலானவை நல்ல கைகள்தான். ஆனால் கடிதம் தபாலட்டையாக இருந்தால், நல்ல கையோ கெட்ட கையோ, வழியில் இருந்த எல்லோரும் அதை வாசித்திருக்கலாம். நம் ஊரில் தபாலட்டையில் யாரும் கடன் விஷயம் எழுதியதில்லை.

எச்டிடிபி அந்தத் தபாலட்டை. உங்கள் தளமும் வாசிப்பவரின் உலாவியும் (குரோம் போன்றது) பேசிக்கொள்வது எல்லாம் திறந்த எழுத்தாகவே போகும். எச்டிடிபிஎஸ்ஸில் பேச்சு அதேதான். அதை டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க உறைக்குள், வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி, போட்டு அனுப்புகிறோம். 1995இல் நெட்ஸ்கேப் கம்பனி எஸ்எஸ்எல் என்ற பெயரில் வெளியிட்டது இதன் தாத்தா. 1999இல் டிஎல்எஸ் என்று பெயர் மாறியது. இப்போது நடப்பில் இருக்கும் 1.3 பதிப்பு 2018இல் வந்தது. பழைய பழக்கத்தில் இன்னும் பலர் எஸ்எஸ்எல் சான்றிதழ் என்றே சொல்வார்கள், உங்கள் ஹோஸ்டிங்காரரின் பில்லிலும் அப்படித்தான் இருக்கும்.

மஸ்கெலியாவில் ஒரு பிள்ளை உங்கள் படிவத்தைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கடைக்காரரின் வைஃபையில்தான் திறக்கிறது. அந்தக் கடையின் ரௌட்டர், அதே வைஃபையில் இருக்கும் மற்ற போன்கள், இணையம் தரும் கம்பனி, கடலடிக் கேபிள், வெளிநாட்டில் ஏதோ ஒரு தரவு மையம் என்று இத்தனையையும் தாண்டித்தான் அந்தப் படிவம் உங்கள் தளம் இருக்கும் கணினிக்கு, அதாவது சேர்வருக்கு, வருகிறது. வழியில் இருக்கும் ஒருவரையும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சரி, அந்தப் படிவத்தில் என்ன கேட்கிறீர்கள்? பெயர், தோட்டம், டிவிஷன், அடையாள அட்டை இலக்கம், பெற்றோரின் வருமானம். "குடும்ப நிலையைச் சுருக்கமாக எழுதுக" என்ற பெட்டி ஒன்றும் கட்டாயம் இருக்கும், இந்த வகைப் படிவங்களில் அது இல்லாமல் நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியில் பதினாறு வயதுப் பிள்ளை என்ன எழுதும்? அப்பா இறந்துவிட்டார், அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், பாட்டியோடு இருக்கிறேன், நகை அடகில் இருக்கிறது என்று எழுதும். உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் தம்பி, அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் தபாலட்டையில் எழுதி அனுப்பச் சொல்கிறீர்கள். இதில் சட்டமும் வருகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது, பிறரின் தரவை வாங்கி வைப்பவர் அதைப் பாதுகாக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யும் வேலையாக இதை நான் பார்க்கவில்லை.

வைஃபையில் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பதெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் ஃபயர்ஷீப் என்று பயர்பொக்ஸுக்கு ஒரு சின்ன நீட்சி வெளியிட்டார். கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால், அதே வைஃபையில் பேஸ்புக், ட்விட்டர் பார்ப்பவர்களின் பெயரும் படமும் வரிசையாக வந்து நிற்கும். ஒரு பெயரைத் தட்டினால் அவருடைய கணக்குக்குள் போய்விடலாம். கடவுச்சொல்லே வேண்டாம். உள்ளே நுழையும் பக்கம் மட்டும் பூட்டியிருக்கும், அதற்குப் பிறகு உலாவி ஒவ்வொரு தடவையும் காட்டும் குக்கி என்ற நுழைவுச் சீட்டு திறந்தபடி போகும், அதைத்தான் அது அள்ளியது. அப்போது நான் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை. கூட்டாளி ஒருவனிடம் சொல்லிவிட்டு, அவனை வைத்தே செய்து பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் பெயரில் "நாளைக்கு எல்லோருக்கும் என் செலவில் கொத்து ரொட்டி" என்று போட்டுவிட்டேன். அவன் சிரித்தான், ஆனால் அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்லர் அதை வெளியிட்டதே பெரிய தளங்களுக்கு வெட்கம் வரட்டும் என்றுதான், வரவும் செய்தது. ஜிமெயில் அந்த வருடம் ஜனவரியிலேயே முழுக்க எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியிருந்தது. பேஸ்புக் 2013இல் எல்லோருக்கும் அதையே வழக்கமாக்கியது.

ஒட்டுக்கேட்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய ஆபத்து, வழியில் இருப்பவர் எழுத்தை மாற்றிவிடுவது. பாடக் குறிப்பில் இரகசியம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அனுப்பிய குறிப்புத்தான் பிள்ளையின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? திறந்த எச்டிடிபியில் நடுவில் இருப்பவர் உங்கள் பக்கத்தில் ஒரு விளம்பரத்தைச் செருகலாம். விண்ணப்பம் அனுப்பும் முகவரியை மாற்றலாம். 'பதிவுக் கட்டணம் 500 ரூபா, இந்த இலக்கத்துக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி சேர்க்கலாம். உங்கள் சேர்வரில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது, நீங்கள் எத்தனை தடவை திறந்து பார்த்தாலும் சரியாகவே தெரியும். திட்டு மட்டும் உங்களுக்கு வரும்.

இது கற்பனை இல்லை. 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் துனீசியாவில் மக்கள் போராட்டம் நடந்தபோது, பேஸ்புக், ஜிமெயில் போன்ற தளங்களின் நுழைவுப் பக்கங்கள் நாட்டுக்குள் வரும் வழியிலேயே, கடவுச்சொல்லைத் திருடும் சில வரி நிரலை யாரோ அவற்றில் சேர்த்துவிட்டார்கள். பக்கம் அசல் பக்கம்தான், திருடன் அதற்குள் ஒட்டிக்கொண்டு வந்தான். 2015 மார்ச்சில் நடந்தது இன்னும் விசித்திரம். சீனாவின் பைடு கம்பனி, தளங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு நிரல் கொடுத்திருந்தது. அது திறந்த எச்டிடிபியில் போய்க்கொண்டிருந்தது. வழியில் அதை மாற்றி, வெளிநாடுகளில் சும்மா ஏதோ பக்கம் வாசித்துக்கொண்டிருந்தவர்களின் உலாவிகளையே ஆயுதமாக்கி, நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தை நாள்கணக்கில் தாக்கினார்கள். வாசித்தவர்கள் எந்த இரகசியப் பக்கத்தையும் திறக்கவில்லை, உங்களுடையது போன்ற சாதாரணப் பக்கங்களைத்தான் திறந்தார்கள்.

இந்த உறை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் மலையின் இந்தப் பக்கம், நான் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். நடுவில் ஐம்பது பேர் கொழுந்து பறிக்கிறார்கள். நாம் கத்தித்தான் பேச வேண்டும், எல்லோர் காதிலும் விழும். முன்பின் பழக்கமில்லாத நாம் இருவர், இப்படிக் கத்தியே ஒரு இரகசிய எண்ணை முடிவு செய்ய முடியுமா? அந்த ஐம்பது பேருக்கும் அது தெரியக்கூடாது. முடியவே முடியாது என்றுதான் தோன்றும். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் முடியும் என்று காட்டினார்கள்.

எல்லோரும் கேட்க இரண்டு எண்களைச் சொல்வோம்: 2, 29. நீங்கள் மனதுக்குள் 5ஐ நினைத்துக்கொள்ளுங்கள், நான் 8ஐ நினைக்கிறேன். நீங்கள் 2ஐ அதே 2ஆல் ஐந்து தடவை பெருக்கினால் (2×2×2×2×2) 32, அதை 29ஆல் வகுத்தால் மீதி 3. "மூன்று!" என்று கத்துங்கள். நான் 2ஐ எட்டுத் தடவை பெருக்கினால் 256, மீதி 24. "இருபத்து நாலு!" என்று கத்துகிறேன். இப்போது நீங்கள் சொன்ன 3ஐ நான் எட்டுத் தடவை பெருக்குகிறேன். 6561 வரும், 29ஆல் வகுத்தால் மீதி 7. நீங்கள் என்னுடைய 24ஐ ஐந்து தடவை பெருக்கி வகுத்துப் பாருங்கள், உங்களுக்கும் 7தான் மிஞ்சும். 7 என்று நாம் இருவரும் வாய் திறந்து சொல்லவே இல்லை. நடுவில் இருப்பவர்களுக்கு 2, 29, 3, 24 எல்லாம் தெரியும், 7ஐப் பிடிக்க வேண்டுமானால் நீங்கள் மனதில் வைத்த 5ஐயோ என் 8ஐயோ கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு சின்ன எண்ணில் அது முடியும், கணக்கப்பிள்ளையே கண்டுபிடித்துவிடுவார். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணில் முடியாது. இன்றைக்கு உலாவிகள் பெரும்பாலும் நீள்வளைவுக் கணிதத்தில் இதையே செய்கின்றன, யோசனை அதேதான். கிடைத்த இரகசிய எண்ணிலிருந்து சாவி செய்து, மற்ற எல்லாவற்றையும் அந்தச் சாவியால் பூட்டி அனுப்பிக்கொள்கிறார்கள். வழியில் ஒரு எழுத்து மாறினாலும் அடுத்த பக்கத்தில் உறை கிழிந்தது தெரிந்துவிடும்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மூடுபனி இறங்கியிருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவது நான்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வேறொருவன் என் குரலில் கத்தினால், அவனோடு அழகாக இரகசியச் சாவி செய்துகொள்வீர்கள். சான்றிதழ் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். 'இந்தச் சாவி இந்த முகவரிக்காரருடையதுதான்' என்று ஒரு சான்றிதழ் நிறுவனம் கையொப்பமிட்டுக் கொடுக்கிறது. எந்தெந்த நிறுவனங்களின் கையொப்பத்தை நம்பலாம் என்ற பட்டியல் போனிலும் உலாவியிலும் முன்கூட்டியே இருக்கிறது. கிராம சேவகரின் கையொப்பத்தை வங்கி ஏற்றுக்கொள்வது போலத்தான். கிராம சேவகரின் முத்திரையே களவு போனால்? 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் புகுந்து, கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்து, ஈரானில் மக்களின் மின்னஞ்சல்களை ஒட்டுக்கேட்டார்கள். உலாவிகள் எல்லாம் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து தூக்கின, அந்த வருடமே அது திவாலானது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது, அதில் நம் கதையும் கொஞ்சம் இருக்கிறது. 2021 பெப்ரவரியில், டொட் எல்கே என்று முடியும் இலங்கை முகவரிகள் சிலவற்றின் பெயர்ப் பதிவில் (எந்த முகவரி எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவில்) கை வைத்து, கூகுளின் இலங்கை முகவரிக்குப் போனவர்களையே வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த பிரச்சினைகளில் தேயிலைத் தொழிலும் ஒன்று. பெயர்ப் பதிவேடே கைமாறினால் எச்டிடிபிஎஸ் மட்டும் காப்பாற்றிவிடாது, ஏனென்றால் பதிவேட்டைப் பிடித்தவரால் அந்தப் பெயருக்குப் புதுச் சான்றிதழும் எடுத்துவிட முடியும். அதனால் உங்கள் டொமைன் (தள முகவரி) கணக்கின் கடவுச்சொல்லையும் பத்திரமாக வையுங்கள். நண்பர்கள் ஐந்து பேரும் ஒரே கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எச்டிடிபிஎஸ் தளங்களில் முகவரிக்குப் பக்கத்தில் காட்டப்பட்டு வந்த அந்தப் பூட்டு என்ன செய்யாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பூட்டு இருந்தால் வழி பத்திரம், போய்ச் சேரும் வீடு நல்ல வீடு என்று அர்த்தமில்லை. 'உங்கள் பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள்' என்று போனுக்கு வரும் கள்ள இணைப்புகளிலும் இப்போது பூட்டு இருக்கிறது. ஜனங்கள் அந்தப் படத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பதால்தான் குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு குறி போட்டது. இன்னொன்று, யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்ற பெயர் பொதுவாக வெளியே தெரியும், உள்ளே எந்தப் பக்கம், என்ன எழுதினார் என்பதுதான் மறையும். படிவம் உங்கள் சேர்வருக்கு வந்த பிறகு அதைப் பாதுகாப்பதும் உங்கள் வேலைதான்.

இனி காசு. லெட்ஸ் என்கிரிப்ட் என்று இலாப நோக்கில்லாத ஒரு சான்றிதழ் சேவை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. முகவரி உங்களுடையதுதானா என்று தானியங்கியாகச் சோதித்துவிட்டு, இலவசமாகச் சான்றிதழ் தரும். 2020க்குள் நூறு கோடி சான்றிதழ் கொடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் சாதாரணச் சான்றிதழின் மறைகுறியாக்கம் இதைவிட எந்த விதத்திலும் பலமானதில்லை. ஹோஸ்டிங் பலகையில் பெரும்பாலும் ஒரு பொத்தானாகவே இது இருக்கும். உங்கள் ஆளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இலவசச் சான்றிதழ் போட்டு, தானாகப் புதுப்பிக்க வைக்க முடியுமா?" முடியாது என்றால் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அந்த 18,000இல் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம். தானாகப் புதுப்பிப்பது முக்கியம். இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான், காசுச் சான்றிதழ்களின் ஆயுளையும் 2029க்குள் 47 நாளாகக் குறைக்க முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிக்கும் தளம் எப்படியும் ஒரு நாள் மறந்துபோய், பரீட்சைக்கு முதல் வாரம் பார்த்துத்தான் சிவப்பு எச்சரிக்கையோடு நிற்கும்.

தளம் மெதுவாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். டிஎல்எஸ் 1.3இல் சாவி செய்துகொள்ளும் தொடக்கக் கைகுலுக்கலுக்கு ஒரே ஒரு போய்வரவு போதும். அப்புறம், வேகமான எச்டிடிபி 2 முறையை உலாவிகள் பூட்டிய தளங்களுக்குத்தான் தருகின்றன. கோயில் மேட்டில் நின்றால்தான் சிக்னல் வரும் இடங்களில்கூடப் பெரிய வித்தியாசம் தெரியாது. உண்மையான சிக்கல் பழைய போன்களில்தான். ஆண்ட்ராய்ட் 7.1.1க்கு முந்திய போன்களின் நம்பிக்கைப் பட்டியலில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் புது வேர்ச் சான்றிதழ் (அது கொடுக்கும் மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) இல்லை, 2024 செப்டெம்பருக்குப் பிறகு அவற்றில் எச்சரிக்கை வரும். பாட்டியின் போனை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இது உங்களுக்கு முக்கியம். பயர்பொக்ஸ் தன் பட்டியலைத் தானே கொண்டுவருவதால், அது ஓடக்கூடிய போனாக இருந்தால் அதில் திறக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பற்றரி முழுக்க இறங்கி, திகதி 1970க்கோ 2010க்கோ போன போனில் எந்தச் சான்றிதழும் செல்லாது. 'தளம் வேலை செய்யவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் போனில் திகதி என்னவென்று கேளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

போட்ட பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழைய எச்டிடிபி முகவரிக்கு வருபவர்களை நிரந்தரமாக எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுங்கள். பக்கத்துக்குள் இருக்கும் படங்களும் நிரல்களும் பழைய முகவரியிலிருந்து வந்தால் உலாவி தடுக்கும், அவற்றின் முகவரியையும் மாற்றுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று ஒரு மாதம் பார்த்த பிறகு சேர்வர் பக்கத்தோடு சேர்த்து உலாவிக்கு அனுப்பும் எச்எஸ்டிஎஸ் என்ற தலைப்பு வரியைச் சேருங்கள், முதலில் குறைந்த காலத்துக்குப் போட்டு, பிறகு கூட்டுங்கள். 'இனி இந்தத் தளத்தைத் திறந்த வழியில் தேடாதே' என்று உலாவிக்குச் சொல்லும் வரி அது. திருப்பிவிடுவது மட்டும் போதாதா என்று கேட்டால், போதாது. முதல் தட்டல் திறந்த வழியில்தான் போகும், அந்த ஒரு தட்டலிலேயே ஆளைப் பிடித்து, கடைசிவரை பூட்டில்லாத பக்கத்திலேயே வைத்திருக்கலாம் என்று 2009இல் மொக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் செய்து காட்டினார்.

கோயிலிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டியிருக்கும் உங்கள் பழைய நோட்டீஸ்களில் முகவரி எப்படி அச்சடித்திருக்கிறது? எச்டிடிபி என்றுதான் இருக்கும். கிழித்துப் போட வேண்டாம், திருப்பிவிடுவதால் அது வேலை செய்யும். அடுத்த புலமைப்பரிசிலுக்கு அச்சடிக்கும்போது அந்த எஸ் எழுத்தையும் சேர்த்து அடியுங்கள்.